ஆடாத அணிகள்

சென்னை சூப்பர் கிங்ஸ் ஈராண்டுத் தடை முடிந்து திரும்பிய 2018-இல், திருமங்கலத்தில் பள்ளித் தோழர்கள் ஐவர் ஐ.பி.எல். வீரர்களைப் பங்கிட்டு, நோட்டில் ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்தோம். ஓட்டத்துக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு 25. பணப் பந்தயம் கிடையாது. கடைசியில் வருபவன் விளக்குத்தூணில் ஜிகர்தண்டா வாங்கித் தரவேண்டும். (பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசு சட்டமியற்றித் தடுத்தபோதும் எங்கள் நோட்டுக்கு ஆபத்தில்லை!)

முதலாண்டு இறுதியாட்டத்தில் ஆட்டமிழக்காமல் 117 எடுத்த வாட்சன், எங்கள் கணக்குப்பிள்ளையின் அணி. அவன் பத்தாம் வகுப்போடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். இரவு ஷிப்டு முடிந்ததும் இன்றும் அவன்தான் புள்ளிகளைக் கூட்டிக் கைப்பேசியில் அனுப்புகிறான். நான் இங்கே கணிதம் படிக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் அவன் கூட்டலில் ஒரு பிழை கண்டதில்லை.