ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன்தான் நான். ஆயினும், அதன் பொருளை எனக்கு உணர்த்தியது அடுப்படி அன்று, கணிப்பொறி!

என் அப்பத்தா நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடுவதில் பேர்போனவர். 1991-இல் என் சித்தப்பா அவற்றை 12 ஒலிநாடாக்களில் பதிவு செய்து வைத்திருந்தார். அப்பத்தா மறைந்த பிறகு அவையே எங்களுக்கு மிஞ்சிய செல்வம். சென்ற கோடை விடுமுறையில் அவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணிப்பொறியில் ஏற்றினேன். பக்கத்துக்கு ஒன்றாக 24 கோப்புகள். சுருக்கப்படாத ‘வேவ்’ வடிவில் அரைமணி நேரப் பதிவு ஏறத்தாழ 318 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டது. உறவினர்களுக்குக் கைப்பேசியில் அனுப்ப வேண்டுமே! நொடிக்கு 128 கிலோபிட் அளவில் ‘எம்பி3’ ஆக்கினால் 29 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

ஒவ்வொன்றாக மாற்ற எனக்குப் பொறுமை இல்லை. ஃபாப்ரிஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சுக்காரர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘எஃப்எஃப்எம்பெக்’ என்ற இலவச மென்பொருளைப் பற்றி விடுதி நண்பர் ஒருவர் சொன்னார். அதில் அழுத்துவதற்குப் பொத்தான்கள் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். ‘இந்தக் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் எடு, மாற்று, மூலத்தை அழித்துவிடு’ என்னும் பொருள்பட ஒரே வரியில் எழுதினேன். அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால், அதன்மேல் எழுதலாமா என்று அது கேட்கும். அந்தத் தொல்லையும் வேண்டாமென்று ‘ஆம்’ என்பதை முன்கூட்டியே சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் கோப்புறையில் ஒரே ஒரு கோப்பு! மூலத்தின் பெயரையே புதியதற்கும் இடச் சொல்ல மறந்து, எல்லாவற்றுக்கும் ‘பாட்டு’ என்ற ஒரே பெயரைக் கொடுத்திருந்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசிக் கோப்பு மட்டுமே மிஞ்சியது. அவ்வாறு கட்டளையால் அழித்தவை குப்பைத்தொட்டிக்கும் போவதில்லை. கணிப்பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை; நான் சொன்னதைச் சொன்னபடி அது 24 முறை செய்தது.

மீண்டும் நாடாக்களை ஓடவிட்டேன். ஏழாவது நாடா கருவியில் சிக்கிக் கசங்கி அறுந்தது. ஒட்டிப் பார்த்தேன், கசங்கிய பகுதியில் இரைச்சல்தான் கேட்டது. தாத்தாவை நினைத்து அப்பத்தா பாடிய ஒப்பாரி அங்கேதான் இருந்தது. செய்தி அறிந்த அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்பொழுது மூலக் கோப்புகளை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன். எம்பி3 ஒலியின் நுண்பகுதிகள் சிலவற்றை நீக்கியே சுருக்குகிறது, நீக்கியது திரும்பாது. ஆகவே மூலத்தை அழிக்கும் சொல்லை என் கட்டளையில் சேர்ப்பதே இல்லை. முதலில் ஒரு கோப்பின் படியை மட்டும் மாற்றி, காதால் கேட்டு, பெயரைச் சரிபார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுகிறேன்.

நண்பர்களே! ஆயிரம் கோப்புகளை ஒரு வரியில் மாற்றலாம். ஆயிரத்தையும் ஒரு வரியில் இழக்கவும் செய்யலாம். பானையை இறக்குமுன் ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பாருங்கள்!