பைக்காரா சாலையும் என் இடது முட்டியும்

ஜனவரியில் ஊட்டிக்குக் கிளம்பும் குடும்பங்களின் பையைத் திறந்து பாருங்கள். குல்லா, மப்ளர், ஸ்வெட்டர், கையுறை எல்லாம் இருக்கும். இடுப்புக்குக் கீழே மட்டும் ஊரில் போடும் அதே பேன்ட்தான். நாங்களும் அப்படித்தான் போனோம். கூடுதலாக, காரின் பின்னால் இரண்டு சைக்கிள்.

எனக்கு 51 வயது. கோவையில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டுகிறவன். இரண்டு வருடங்களுக்கு முன் படியில் தவறி விழுந்து இடது முட்டியில் தசைநார் கிழிந்தது. ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி பெடல் மிதித்தேன். மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். வேலை கிடைத்து அவள் வெளியூர் போவதற்குள், ஊட்டியிலிருந்து பைக்காரா வரை இருவரும் சேர்ந்து ஓட்டிவிட வேண்டும் என்பது எங்களின் நீண்ட நாள் பேச்சு. ஒரு வழி சுமார் 20 கிலோமீட்டர்தான்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். செல்போன் 3 டிகிரி காட்டியது. மேலே இரண்டு ஸ்வெட்டர், கீழே காட்டன் டிராக் பேன்ட். ஃபிங்கர்போஸ்ட் தாண்டியதும் கூடலூர் சாலை சரசரவென்று இறங்குகிறது. யூகலிப்டஸ் வாசனை, ஆளில்லாத வளைவுகள். இப்படியே பைக்காரா போய்விடலாம் என்றிருந்தது.

தலைக்குந்தாவில் புல்வெளி முழுக்க உப்புத் தூவியது போல உறைபனி. ஊட்டியைவிட இந்த இடம் தாழ்வுதானே, எப்படி இங்கே இவ்வளவு பனி என்று தோன்றும். குளிர்ந்த காற்று கனமானது. இரவெல்லாம் சரிவுகளில் வழிந்து இந்த மாதிரிப் பள்ளத்தில் வந்து தேங்கிக்கொள்கிறது. நாங்கள் நேராக அதற்குள் போய் இறங்கியிருந்தோம்.

இறக்கத்தில் கால்களுக்கு வேலையே இல்லை. பெடலை மிதித்தால்தானே தசை சூடாகும்? 3 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் காற்றின் வெட்டு சேர்ந்து தோலுக்கு மைனஸ் 3 மாதிரி இருக்கும். முட்டியின் முன்பக்கம் சதை கிடையாது. தோலுக்கு அடியில் எலும்பும் தசைநாரும்தான். காற்று முதலில் அடிப்பதும் அங்கேதான். பைன் காட்டுக்கு அருகே சின்ன ஏற்றம் வந்து அழுத்தி மிதித்தபோது இடது முட்டியில் சுளீரென்று ஒரு இழுப்பு. இறங்கினேன். மடக்க முடியவில்லை.

“போதும்ப்பா, அம்மாவைக் கார் எடுத்துட்டு வரச் சொல்றேன்” என்றாள் மகள். முகத்தில் ஏமாற்றத்தை மறைக்கத்தான் பார்த்தாள்.

கார் வரும்வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த பெரியவர் என் பேன்ட் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். “பருத்தி. வேர்வையைக் குடிச்சுட்டு ஈரமாவே கிடக்கும். குளிருக்கு இதைவிட வெறுங்காலே தேவலை தம்பி.” இளவயதில் ஊட்டியில் சைக்கிளில் பேப்பர் போட்டவராம். விடியலில் கிளம்பும்போது இரண்டு தாளை மடித்து பேன்டுக்குள் முட்டிமேல் வைத்துக்கொள்வாராம். “முதல்ல காத்த நிறுத்தணும். சூடு தானா வரும்.” டூர் டி பிரான்ஸ் வீரர்கள் மலை உச்சியில் செய்தித்தாளை வாங்கி நெஞ்சுச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவார்கள் என்று மகள் சொன்னாள். பெரியவர் ஆச்சரியப்படவில்லை.

அன்று சாயங்காலம் தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் கடைகளில் கம்பளி உள்பேன்ட் பார்த்தோம். உட்கார்ந்து டீ குடிக்க அருமையான துணி. ஆனால் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரிகிறது. காற்றும் அப்படியே நுழையும். அதன்மேல் மழைக்கோட்டு பேன்டைப் போட்டுப் பார்த்தேன். காற்று நின்றது. விடுதி வாசல் மேட்டில் பத்து நிமிடம் மிதித்ததும் உள்ளே வேர்வை, பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தது போல. ஜீன்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். மடங்காது, நனைந்தால் காயாது.

கோவை திரும்பிய பிறகு மகள் என்னைக் கடைக்கு இழுத்துப் போனாள். சைக்கிளுக்கென்றே வரும் குளிர் டைட்ஸில் உள்பக்கம் மெத்தென்று பஞ்சு போன்ற ஃப்ளீஸ். நல்ல ரகத்தில் தொடையும் முட்டியும் மூடும் முன்பக்கத்துக்கு மட்டும் காற்று புகாத துணி, பின்பக்கம் வேர்வை வெளியேறும் சாதாரணப் பின்னல். பேப்பர்காரர் சொன்ன அதே விஷயம்தான்! உட்காரும் இடத்தில் மெத்தை வைத்தது, வைக்காதது என்று இரண்டு விதம். நம்மிடம் ஏற்கெனவே மெத்தை வைத்த ஷார்ட்ஸ் இருந்தால் வைக்காததே போதும். இரண்டு மெத்தை சேர்ந்தால் தொடை உரசும்.

அளவைக் கண்ணாடி முன் நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். சைக்கிளில் உட்காரும் பாவனையில் குனிந்து, முட்டியை மடக்கிப் பாருங்கள். முட்டிக்குப் பின்னால் துணி மடிந்து கவ்வினால் அது வேண்டாம். நான் டிரையல் அறைக்கு வெளியே ஒற்றைக் காலில் அப்படிச் செய்துகொண்டிருந்ததை மனைவி வீடியோ எடுத்து அவள் அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள்.

கடைசியில் நான் டைட்ஸ் வாங்கவில்லை. லெக் வார்மர் வாங்கினேன். தொடையிலிருந்து கணுக்கால் வரை வரும் தனித்தனிக் கால் உறைகள். ஷார்ட்ஸின் விளிம்புக்குள் மேல்முனையைச் செருகிக்கொண்டால், அதிலுள்ள ரப்பர் பட்டை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஊட்டி வெயில் ஒன்பது மணிக்கே சுள்ளென்று அடிக்கும். அப்போது டைட்ஸைக் கழற்ற இடம் ஏது? இதை உருவிச் சுருட்டி முதுகுப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். நாள் முழுக்கக் குளிரும் ஊர் என்றால் டைட்ஸுக்குத்தான் என் ஓட்டு. கணுக்காலில் ஒளிரும் பட்டை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்கினேன். மூடுபனியில் பின்னால் வரும் வண்டிக்கு, மேலும் கீழுமாக அசையும் வெளிச்சம் சட்டென்று கண்ணில் படும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை கிளம்பும் முன் விடுதிக்கு அருகே கால் மணி நேரம் மெதுவாக மிதித்து முட்டியைப் பழக்கினேன். இறக்கத்திலும் பெடலைச் சும்மாவாவது சுற்றிக்கொண்டே வந்தேன். தலைக்குந்தாவில் அதே உறைபனி. பைன் காடு வந்தது, போனது. காமராஜ் சாகர் அணையில் நீர்ப்பரப்பின் மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது மைல் புல்மேட்டில் வெயில் வந்துவிட்டது; உறைகளை உருவினேன். பைக்காரா படகு இல்லத்தில் மகள் வாங்கித் தந்த சோளத்தைத் தின்றுவிட்டு, முட்டியை நாலு முறை மடக்கி நீட்டிப் பார்த்தேன். பேசாமல் இருந்தது.

திரும்பும்போது ஏற்றத்தில் மகள் முன்னால் போய், வளைவுக்கு வளைவு நின்று காத்திருந்தாள். டீக்கடையில் பெரியவர் இருந்தார். லெக் வார்மரை எடுத்துக் காட்டினேன். இழுத்துப் பார்த்தார், உள்ளே கைவிட்டுப் பார்த்தார். விலை கேட்டார், சொன்னேன்.

“ரெண்டு காலுக்கும் சேர்த்துத்தானே?” என்றார்.