உடைந்த பாலத்தில் ஒரு ‘வேண்டாம்’!

கேம்பஸ் இன்டர்வியூல ரூம்மேட்டுக்கு வேலை கிடைச்சது. எனக்கு இல்லை. ஒரு வாரமா அவன்கூட பேச்சே கிடையாது. செம கடுப்புல பெசன்ட் நகர் பீச்சிலிருந்து வடக்கே நடந்தேன். அடையாறு முகத்துவாரம், உடைந்த பாலம்!

இந்த அடையாறு கடற்கரையில்தான் 1909-ல் சிறுவன் ஜே.கிருஷ்ணமூர்த்தி பிரம்மஞான சபையினர் கண்ணில் பட்டார். அவரை ‘உலக குரு’ ஆக்க 1911-ல் தனிச் சங்கமே ஆரம்பிச்சாங்க. 1929-ல், 34 வயசுல, நெதர்லாந்தில் தொண்டர்கள் முன்னாலேயே அதைக் கலைச்சார் மனுஷன். நன்கொடையா வந்த சொத்துகளையும் திருப்பிக் கொடுத்துட்டார். அவரோட கடைசிப் பொதுப் பேச்சு 1986-ல், ஆத்துக்கு அந்தப் பக்கம், கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில்.

கைக்கு வந்த குரு பீடத்தையே அவர் ‘வேண்டாம்’னுட்டார். நான் கைக்கு வராத வேலைக்காக நண்பனை விட்டுட்டு நிக்கிறேன்!

செல்லை எடுத்தேன். “மச்சி, ட்ரீட் எப்போ?”