ஸ்பெயினில் ஃப்ரீ ஜாஸ்

ஸ்பெயினில் ஃப்ரீ ஜாஸும் அதன் வழிவந்த கட்டற்ற இசையும் தாமதமாகத்தான் வேர்பிடித்தன. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் 1960-களின் நடுவிலேயே இளம் கலைஞர்கள் மெட்டையும் தாளக்கட்டையும் உதறிவிட்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்பெயினில் அப்போது பிராங்கோவின் ஆட்சி. ஜாஸ் இல்லாமலில்லை; பார்சிலோனாவில் 1960-ல் ஜம்போரி கிளப் திறந்தது, பார்வையற்ற பியானோ கலைஞர் தேத்தே மோந்தொலியு உலகப் பெயர் பெற்றார். ஆனால் கேட்டுப் பழகாத ஒலிக்கு மேடை கொடுப்பார் அதிகம் இல்லை. பிராங்கோ 1975-ல் இறந்தார். அடுத்த ஆண்டே பார்சிலோனாவில் விக்தோர் நுப்லாவும் ஹுவான் கிரெக்கும் ‘மாக்ரோமாஸ்ஸா’ என்ற பரிசோதனை இசைக் குழுவைத் தொடங்கினார்கள். அதே நுப்லா 1990-களில் கிராசியா வட்டாரத்தில் ‘லெம்’ என்ற பரிசோதனை இசை விழாவை உருவாக்க முன்நின்றார். 2020-ல் அவர் இறக்கும்வரை அந்த வட்டாரத்தின் அச்சாணியாக இருந்தார்.

கர்நாடக இசையில் மனோதர்மம் எவ்வளவு தூரம் போனாலும் ராகமும் தாளமும் எல்லை வகுத்துக் கொடுக்கின்றன. கட்டற்ற இசையில் அந்த எல்லை முன்கூட்டி இருப்பதில்லை. எந்தச் சுருதி, எவ்வளவு நேரம், யார் முதலில், எங்கே நிறுத்துவது என எல்லாமே மேடையில், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே தீர்மானமாகின்றன. தோன்றியதை வாசிப்பது என்று இதை நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. பல ஆண்டுப் பழக்கத்தில் கை சேர்த்துவைத்த ஒலிகளிலிருந்து, அந்த நொடிக்கு எது தேவை, எது வேண்டாம் என்று பிரித்தெடுக்கும் வேலை இது. வாசிக்காமல் சும்மா இருக்கக் கற்பதுதான் இதில் மிகக் கடினமான பாடம்.

ஸ்பெயினில் இந்த இசையின் நடுநாயகம் பியானோ கலைஞர் அகுஸ்தி பெர்னாண்டஸ். மயோர்காத் தீவின் பால்மா நகரில் 1954-ல் பிறந்தவர். அமெரிக்கப் பியானோ கலைஞர் செசில் டெய்லரின் இசையும், 1978-ல் இசையமைப்பாளர் யானிஸ் ஜெனாகிஸிடம் கற்றதும் அவரை உருவாக்கிய இரண்டு பெரிய தாக்கங்கள். டெய்லரிடமிருந்து வேகமும் உடல் வலுவும் வந்தன. ஒலியைச் சுரமாகப் பார்க்காமல் அடர்த்தியாகவும் திரளாகவும் பார்க்கும் கண் ஜெனாகிஸிடமிருந்து வந்தது. ஆங்கிலேய சாக்ஸபோன் கலைஞர் எவன் பார்க்கரின் மின்னொலிக் குழுவிலும் டபுள் பாஸ் கலைஞர் பாரி கையின் இசைக்குழுவிலும் பல ஆண்டுகள் வாசித்தார். பாரி கை, டிரம்ஸ் கலைஞர் ராமோன் லோபெஸ் ஆகியோருடன் 2006-ல் வெளியிட்ட ‘அவுரோரா’ ஆல்பம் மென்மையானது, ஏறக்குறைய பாட்டுப் போன்றது. கட்டற்ற இசை என்றாலே இரைச்சல் என்பவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது அதுதான்.

அவருடைய உண்மையான பட்டறை பியானோவின் உட்புறம். பெரிய பியானோவில் 88 கட்டைகளுக்குச் சுமார் 230 கம்பிகள். கீழ்ச்சுருதிகளுக்கு ஒற்றைக் கம்பி, மேலே போகப் போக ஒரு சுரத்துக்கு மூன்று. கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியை அடித்துவிட்டு விலகிக்கொள்ளும். வாசிப்பவர் கம்பியைத் தொடுவதே இல்லை. உள்ளே கைவிட்டு வாசிப்பவர் அந்தச் சுத்தியலைத் தாண்டிப் போகிறார். ஒற்றைக் காலில் பாரத்தை நிறுத்தி, மறு காலால் பெடலை அழுத்திப் பிடித்து, இடுப்பை வளைத்துக் கம்பிகளின் மேல் குனிகிறார். பெடல் அழுந்தியிருந்தால்தான் ஒலியை அடக்கும் கட்டைகள் மேலே தூக்கி நிற்கும். தடித்த கம்பியை உள்ளங்கையால் நீளவாக்கில் தேய்த்தால் உறுமல் எழும். ஒரு கையால் கம்பியை அமுக்கி, மறு கையால் அதே சுரத்தின் கட்டையைத் தட்டினால் மரத்தைத் தட்டிய ஓசை வரும். கம்பிகளுக்கிடையே ஒரு பொருளைச் செருகினால் சேகண்டி போன்ற ஓசை கேட்கும். இதில் ஒரு தொல்லை உண்டு. கம்பிகளின் இழுவிசையைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டத்தின் குறுக்குக் கம்பங்கள் எல்லாப் பியானோவிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நேற்று எட்டிய சுரத்துக்கும் கைக்கும் இடையே இன்று ஒரு கம்பம் நிற்கலாம். பியானோவைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போக முடியாது. எனவே ஒவ்வொரு அரங்கிலும் மூடியைத் திறந்து பார்த்து, கை போகும் வழியைப் புதிதாகக் கற்க வேண்டும். அரங்கக்காரர்களுக்கோ கம்பியில் விரல் ஈரம் பட்டுத் துருவேறும் என்ற பயம். அது பொய்யான பயமும் அல்ல.

பெர்னாண்டஸ் காத்தலோனிய உயர் இசைப் பள்ளியில் மனோதர்ம இசை கற்பித்தார். அடுத்த தலைமுறையின் சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் சிரேராவும் டிரம்ஸ் கலைஞர் ராமோன் ப்ராத்ஸும் அவருடன் ‘லிக்விட் ட்ரியோ’வில் சமமாக அமர்ந்து வாசித்தார்கள். வாஸ்கோ த்ரியா டிரம்ஸைத் தாளத்துக்கு அல்லாமல் நீண்ட ஒலிக்குப் பயன்படுத்துகிறார். பேரோசையை விட்டு மிக மெல்லிய ஒலிகளுக்குப் போனவர்கள் டிரம்பெட் கலைஞர் ருத் பார்பெரானும் ஃபெரான் ஃபாஜஸும். வெனிசுவேலாவிலிருந்து வந்த சாக்ஸபோன் கலைஞர் எல் ப்ரிக்தோ ‘டிஸ்கார்டியன்’ என்ற இணையவழி லேபிளைத் தொடங்கி, பார்சிலோனாவின் சின்னச் சின்ன அரங்குகளில் நடந்தவற்றில் பலவற்றைப் பதிவாக்கினார்.

மாட்ரிட்டின் வழி வேறு. அங்கே 1990-களில் கலைஞர்கள் சங்கமாகக் கூடி ‘உர்த்தா கோர்தெல்’ விழாவையும் ‘ஃபோகோ’ என்ற பெரிய குழுவையும் தாங்களே நடத்தினார்கள். அதன் முக்கியஸ்தர் கலீசியாவைச் சேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் செஃபா அலோன்சோ. அவரும், 1989 முதல் மாட்ரிட்டில் வாழும் அமெரிக்கர் வேட் மாத்யூஸும் இந்த இசையைப் பற்றி ஸ்பானிஷில் தனித்தனியே நூல் எழுதினார்கள். வாசிப்பவர்களே நூலும் எழுத வேண்டியிருந்தது.

இந்த இசையின் மூத்த சிந்தனையாளரான ஆங்கிலேயக் கிதார் கலைஞர் டெரெக் பெய்லி தம் கடைசி ஆண்டுகளைப் பார்சிலோனாவில் கழித்தார். அவருடைய 1980-ஆம் ஆண்டு நூல் இந்திய இசையையும் ஃப்ளமெங்கோவையும் ஜாஸுக்கு ஈடாக வைத்துப் பேசியது. பார்சிலோனாவில் அவருடைய வலது கை பிளெக்ட்ரத்தை (கம்பியை மீட்டும் சில்லு) பிடிக்க முடியாமல் போனது. அறுவை சிகிச்சைக்குப் போகாமல், கட்டைவிரலால் மீட்டப் புதிதாகக் கற்றார். மூன்றாம் வாரம், ஐந்தாம் வாரம் என்று அந்தக் கற்றலையே பதிவுசெய்து 2005-ல் ஆல்பமாக வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் லண்டனில் இறந்தார்.

‘அவுரோரா’வில் வாசித்த ராமோன் லோபெஸ் 1961-ல் அலிகாந்தேயில் பிறந்து, 1985 முதல் பாரிஸில் வாழ்பவர், தபலாவும் முறையாகக் கற்றவர். ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்காலப் பாடல்களை 2000-ல் இந்த இசைமொழியில் பதிவுசெய்தார். பிராங்கோ ஆட்சி அடக்கிவைத்த நினைவை இதைவிட நேராகத் தொட்ட ஆல்பம் இந்தத் துறையில் அரிது.

பணத்தின் கதை கசப்பானது. சிறிய அரங்குகளில் பெரும்பாலும் கூலி என்பது டிக்கெட் வசூலில் ஒரு பங்கு. அதை மூன்று பேரோ நான்கு பேரோ பிரித்துக்கொள்ள வேண்டும். 2012 செப்டம்பரில் அரசு நிகழ்ச்சி டிக்கெட்டுகளின் வரியை 8 சதவீதத்திலிருந்து 21 ஆக உயர்த்தியது. 2017-ல்தான் 10-க்கு இறக்கியது. நடுவிலிருந்த ஆண்டுகள் பொருளாதார நெருக்கடி ஆண்டுகள். சுயதொழில் செய்பவர் கச்சேரி இல்லாத மாதத்திலும் சமூகப் பாதுகாப்புத் தொகையைக் கட்டியாக வேண்டும் என்பதே விதி. வருமானத்துக்கு ஏற்ப அதைக் கணக்கிடும் முறை 2023-ல் வந்தது. இணையத் தளங்கள் செய்வது இன்னும் அநியாயம். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினாலே ஒரு கேட்பு. இரண்டு நிமிடப் பாட்டும் ஒரே மூச்சில் உருவான நாற்பது நிமிட வாசிப்பும் அங்கே ஒன்றுதான். 2024 முதல் ஓராண்டில் 1,000 கேட்புகளைத் தொடாத பதிவுக்கு உரிமைத்தொகையே கிடையாது. உழைப்பை அளக்கத் தெரியாத தராசு கையில் இருப்பவர்களிடம் இந்த இசையின் விலையைத் தீர்மானிக்கும் உரிமை போய்ச் சேர்ந்திருக்கிறது. பாஸ்க் பகுதியைச் சேர்ந்த இரைச்சல் இசைக் கலைஞர் மத்தின், எழுத்தாளர் ஆந்தனி ஐல்ஸுடன் சேர்ந்து 2009-ல் தொகுத்த ‘இரைச்சலும் முதலாளித்துவமும்’ என்ற கட்டுரைத் தொகுப்பு இந்த உறவைத்தான் விசாரித்தது.

ஆகவே கலைஞர்களுடைய பிழைப்பின் பெரும்பகுதி கற்பித்தலிலிருந்தும், நடனம், நாடகத்துக்கான வாசிப்பிலிருந்தும் வருகிறது. பெர்னாண்டஸும் நடனக் கலைஞர் ஆந்த்ரெஸ் கோர்செரோவுடன் நெடுங்காலம் மேடை பகிர்ந்திருக்கிறார். பதிவுகளுக்கும் வெளிநாட்டையே நம்ப வேண்டியிருந்தது: ஸ்பெயினின் கலைஞர்கள் பலருடைய முக்கியமான பதிவுகள் லிஸ்பனிலும் வார்சாவிலும் உள்ள லேபிள்களில்தான் வெளிவந்திருக்கின்றன.