சபிக்கப்பட்ட வெற்றி

முதுகலை பயின்ற நாட்களில், விடுதி அறையில் ஓரிரவு நாம் நண்பரோடு ஆடிய சதுரங்க ஆட்டம் இன்றும் ஒரு குறிப்பேட்டில் இருக்கிறது. இறுதியில் நம்மிடம் அரசனும் இரு மந்திரிகளும். அவரிடம் அரசனும் ஒரு குதிரையும். விடியும்வரை துரத்தினோம். ஏட்டின் ஓரத்தில் கோடு கிழித்துக்கொண்டே வந்த நண்பர், "அம்பது ஆச்சுடா, டிரா" என்றார். காலாள் நகராமலும் எக்காயும் வெட்டப்படாமலும் இரு தரப்பும் 50 நகர்வுகளை ஆடிவிட்டால் சமன் கோரலாம் என்பது விதி. விதிக்குப் பின்னே ஒளியும் கோழை என்று நாம் ஏசினோம். அச்சொல்லோடு நட்பும் நின்றுபோயிற்று.

இம்முடிவாட்டம் சமன் என்றே நூல்கள் நெடுங்காலம் கருதின. குதிரைக்கு ஓர் அரணை 1851இல் கிளிங்கும் ஹார்விட்ஸும் காட்டியிருந்தனர். 1983இல் கென் தாம்சன், ஆட்டம் முடிந்த நிலைகளிலிருந்து கணிப்பொறியை அடியடியாகப் பின்னோக்கி நடத்தி, எல்லா நிலைகளையும் கணித்தார். அரண் உடைந்தது. பொதுவாக வெற்றி மந்திரிகளுக்கே. ஆனால் குதிரையை வீழ்த்த 66 நகர்வுகள்வரை ஆகலாம்! சில முடிவாட்டங்களுக்கு 1980களில் எல்லையை நீட்டித்த ஃபிடே, 1990களில் மீண்டும் 50க்கே திரும்பியது.

ஆகவே சதுரங்க நிரல்களுக்கு இரு உண்மைகள் வாய்த்தன. நலிமோவ் அட்டவணைகள் மாட் வரையிலான தொலைவை எண்ணின. ஐம்பதை அவை அறியா. 2013இல் ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி அட்டவணைகளோ, அடுத்த வெட்டு அல்லது காலாள் நகர்வு வரையிலான தொலைவை எண்ணுகின்றன. வெற்றி, சமன், தோல்வி என்ற மூன்றோடு இரண்டு தீர்ப்புகளும் அவற்றில் உண்டு: வென்றிருக்க வேண்டியதை விதி சமனாக்கினால் 'சபிக்கப்பட்ட வெற்றி', எதிராளிக்கு அதுவே 'ஆசி பெற்ற தோல்வி'.

சென்ற மாதம் பழைய ஏட்டைப் பிரித்து, குதிரையும் மந்திரிகளும் மட்டும் எஞ்சிய அந்த முதல் நிலையைக் கணினியில் இட்டோம். பிழையின்றி ஆடினாலும் குதிரையைப் பிடிக்க 57 நகர்வுகள். நாம் வெற்றி என்றது மெய். அவர் சமன் என்றதும் மெய். அன்று நாம் ஆடிய நகர்வுகளில் பாதி வீண் என்பதையும் கணினி ஒளிக்கவில்லை.

நண்பரின் எண்ணைத் தேடிப் பெற்று, அந்நிலையையும் தீர்ப்பையும் அனுப்பி, அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்பும் கேட்டோம். இரவு வெகுநேரம் கழித்து மறுமொழி வந்தது:

"அந்த நோட்டை இன்னும் வச்சிருக்கியாடா?"