ஓங்க இடமில்லாத இடம்

கோவை கணபதியில் பம்புகளுக்கு மரப்பெட்டி அடிக்கும் கொட்டகை. தகரக் கூரையின் கீழ் பைன் மரத்தூள் மணக்கிறது. பெட்டி முடியும்வரை உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலைக் காட்டியிருக்கிறார்கள். பேச எனக்கு வேலையில்லை.

பெட்டி அடிக்கும் பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். வாயில் நாலு ஆணி. ஒன்றை எடுத்து விரலில் பிடித்து லேசாக ஒரு தட்டு. அது நின்றதும் மூன்று அடி. தலை மரத்தோடு மட்டமாகிவிடுகிறது. வெளிப்பக்கம் முழுக்க இப்படி ஓடுகிறது. மோட்டாரை உள்ளே இறக்கியபின் அது ஆடாமலிருக்க முட்டுக்கட்டை வைக்கும்போதுதான் கை திணறுகிறது. வார்ப்பிரும்புக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு சாண்கூட இல்லை. சுத்தியலை ஓங்க வழியில்லாமல் பக்கவாட்டில் தட்டித் தட்டி இறக்குகிறார். பாதி ஆணி வளைகிறது. அவருடைய இடது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது.

அந்த இடத்துக்காகத்தான் பக்கத்து ரீவைண்டிங் கடைப் பையன் ஒரு கருவி செய்து எடுத்து வந்திருக்கிறான். சாண் நீளக் குழாய், அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய காப்பர் கம்பி. வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. குழாய்க்குள் பெருவிரல் பருமனில் இரும்புத் தண்டு, பின்னால் ஒரு ஸ்பிரிங். நுனிப் பள்ளத்தில் சிறு காந்தம். ஆணியைக் கிட்டே கொண்டுபோனால் அதில் தானே போய் ஒட்டி நேராக நிற்கிறது. கருவி முழுவதிலும் எனக்கு முதலில் பிடித்தது இந்தக் காந்தம்தான். அடி விழுகிற இடத்தில் இனி விரல் இருக்க வேண்டியதில்லை.

டிபன் பாக்ஸ் ஒன்றுக்குள் டயோடும் கெப்பாசிட்டரும் இருக்கின்றன. 1,000 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கிறது. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் டயோடு வழியே போனால் உச்சத்தில் 325 வோல்ட் வரை ஏறும். அப்போது கெப்பாசிட்டரில் சேர்வது சுமார் 53 ஜூல். இப்படிக் கையால் சுற்றிய சுருளில் பத்தில் ஒரு பங்கு தண்டின் வேகமாக மாறினாலே பெரிது. மிச்சமெல்லாம் கம்பியில் சூடாகப் போய்விடும். அரைக் கிலோ சுத்தியலை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கைவிட்டால் எவ்வளவு அடி விழுமோ, அவ்வளவுதான் மிஞ்சும்.

பையன் ஸ்விட்சை அழுத்துகிறான். தொடுமுனையில் நீலப்பொறி. 'டக்'. ஆணி கால்வாசி இறங்கியிருக்கிறது.

நார்வே இயற்பியலாளர் கிறிஸ்தியான் பிர்க்லாந்து 1903-இல் கிறிஸ்தியானியா (இன்றைய ஓஸ்லோ) பல்கலைக்கழக மண்டபத்தில், இதே போன்ற சுருள்களால் குண்டெறியும் மின்காந்தப் பீரங்கியை ஊரைக் கூட்டிக் காட்டினார். ஷார்ட் சர்க்யூட்டாகித் தீப்பொறி பறக்க, மண்டபமே அலறியது. பீரங்கி போனது. ஆனால் அப்படிப்பட்ட தீப்பொறியின் வெப்பத்தைக் கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரம் செய்யும் தொழிலை சாம் ஐடே என்பவரோடு சேர்ந்து தொடங்கிவிட்டார். பொறியைக் கண்டு பையன் முகம் சுளிப்பதைப் பார்த்தபோது அவர் நினைவுதான் வந்தது.

இரண்டாவது ஆணி. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் அடி குறைகிறது. சுருளைத் தொட்டுவிட்டுப் பையன் கையை உதறுகிறான். காப்பர் 25 டிகிரி கூடுதலாகச் சுட்டாலே அதன் மின்தடை பத்தில் ஒரு பங்கு ஏறிவிடும். பாயும் கரண்டும் அதனால் குறையும்.

பெரியவர் கருவியை வாங்கி ஒரு பலகையில் வைத்து அழுத்திப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம்.

"அடிக்கறது சரி கண்ணு. அடிச்சு முடிக்கறக்குள்ள ஆரோ பின்னால புடிச்சு இழுக்கறாப்புல இருக்குது."

பையன் நிமிர்ந்து பார்க்கிறான். மின்காந்தத்தின் முழுச் சிக்கலும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. தண்டு நடுவுக்கு வரும்வரை சுருளின் காந்தப்புலம் அதை முன்னால் இழுக்கும். நடுவைத் தாண்டியபிறகும் கரண்ட் மிச்சமிருந்தால் அதே காந்தப்புலம் திரும்ப உள்ளே இழுக்கும். மீட்டர் இல்லாமல் இதைக் கண்டுபிடித்த உள்ளங்கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நடுவுக்கு வந்ததும் கரண்டு நிக்கோணுமுங்ண்ணா. நிக்க மாட்டீங்குது."

"ஒரே அடில எறக்கோணும்னு ஆரு சொன்னா? நானே மூணு நாலு அடில்ல போடறேன்?"

பையன் பதில் சொல்லவில்லை. ஒரு பல்பைக் கெப்பாசிட்டரின் இரு முனையிலும் வைக்கிறான்; பளிச்சென்று எரிந்து அணைகிறது. இனி தொடலாம். கெப்பாசிட்டரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெரியவரின் பென்சிலை வாங்கிப் பலகையிலேயே வரைகிறான்: ஒரு டயோடு, சுருள், ஸ்பிரிங்.

"சலூன்ல முடி வெட்டற மெஷின் கணக்காங்ண்ணா. கரண்டு தானா வந்து வந்து நிக்கும். செகண்டுக்கு அம்பது தட்டு."

"அத்தன தட்டுனா மரம் பொளந்துக்காது?"

"ஒவ்வொண்ணும் சின்னத் தட்டுங்ண்ணா. நீங்க மொதல்ல போடறீங்கல்ல, அந்த மாதிரி."

"அப்பச் சரி. நீளத்தக் கொற. முட்டுக்கட்டைக்கு ஒண்ணரை இஞ்ச் ஆணிதான், அதுக்குத் தக்கன சுத்து."

பையன் டேப்பை நீட்டி மோட்டாருக்கும் பலகைக்கும் நடுவே அளவெடுக்கிறான்.