கூட்டாளி சேர்ப்பு, விலகல், இறப்பு

தலைப்பைப் பார்த்துட்டு செமஸ்டர் நோட்ஸ்னு நினைச்சு உள்ள வந்த வகுப்புத் தோழர்களே, பொறுத்துக்கோங்க. இது ராக் பேண்டுகளைப் பற்றிய பதிவு. ஆனா நோட்ஸும் கொஞ்சம் இருக்கு, அதனால முழுசா ஏமாந்துட்டதா நினைக்க வேண்டாம் :-)

பிளஸ் டூவுல கணக்குப்பதிவியல் எடுத்தவங்களுக்கு இந்த மூணு வார்த்தையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். ராமு, சோமுன்னு ரெண்டு கூட்டாளிகள். பாபு புதுசா சேர்வார். உடனே தியாக விகிதம் கண்டுபிடி. அப்புறம் சோமு விலகுவார். ஆதாய விகிதம் கண்டுபிடி. கடைசியில பாவம் ராமு செத்தே போவார், அதுவும் கரெக்டா வருஷக் கணக்கு முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடி. அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டோம், நமக்கு விடை பேலன்ஸ் ஆனா போதும்.

இதுல எனக்குப் புரியாமலே இருந்த ஒரு சொல் 'நற்பெயர்'. கட்டடத்துக்கு விலை போடலாம், மெஷினுக்கு தேய்மானம் கழிக்கலாம். பெயருக்கு எப்படி விலை? அந்தப் பெயரை உண்டாக்கின ஆளு போயிட்டா, பெயரும் அவர்கூடவே போயிடுமா, இல்ல கடையிலேயே தங்கிடுமா? இந்தக் கேள்விக்குப் பாடப் புத்தகத்தைவிட என் ஹெட்போன்தான் நல்ல பதில் கொடுத்துச்சு. எங்க வீட்டுலயும் இந்தக் கேள்வி நிஜமா வந்து உட்கார்ந்துச்சு, அதை அப்புறம் சொல்றேன். முதல்ல பாட்டு.

ஓபெத்னு ஒரு பேண்டு, ஊர் ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம். 2009ல நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸ் 'சாரங்' விழாவுக்கு வந்து வாசிச்சுட்டுப் போனாங்க. சிந்தாதிரிப்பேட்டையிலேருந்து பஸ் ஏறினா எட்டிடற தூரம்தான். ஆனா நான் அப்போ எல்.கே.ஜி. என்ன பண்றது!

இந்த பேண்டோட ஆள் மாற்றக் கதை ஆரம்பத்துலயே தமாஷ். 1990 வாக்குல டேவிட் இஸ்பெர்க்னு ஒருத்தர்தான் இதை வெச்சிருந்தார். அவர் தன் நண்பர் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட்டை பாஸ் கிதார் வாசிக்க வாப்பான்னு கூப்பிட்டார். ஏற்கெனவே இருந்தவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லல. இவர் போய் நின்னதும் மத்தவங்க எல்லாரும் முறைச்சுக்கிட்டு வெளியே போயிட்டாங்க. கூட்டாளி சேர்ப்பும் கூட்டாளி விலகலும் ஒரே நாள்ல! 1992ல இஸ்பெர்க்கும் கிளம்பிட்டார். கூப்பிட்ட ஆள் போயாச்சு, வந்த ஆள் கையில கடைச் சாவி.

அதுக்கப்புறம் வந்தவங்க போனவங்களை எண்ணினா தலை சுத்தும். 1995ல வந்த முதல் ஆல்பம் 'ஆர்க்கிட்'ல வாசிச்சவங்கள்ல இன்னைக்கும் பேண்டுல இருக்கிறது ஆக்கர்ஃபெல்ட் ஒருத்தர்தான். 1997ல மார்ட்டின் லோபெஸ் டிரம்ஸுக்கும் மார்ட்டின் மெண்டெஸ் பாஸுக்கும் வந்தாங்க. லோபெஸ் உடம்பு சரியில்லாம 2006ல விலகினார். பதினாறு வருஷம் தோளோட தோள் நின்ன கிதார்காரர் பீட்டர் லிண்ட்க்ரென் 2007ல போதும்னு இறங்கிட்டார். அவர் இடத்துக்கு 'ஆர்ச் எனிமி' பேண்டுலேருந்து ஃபிரெட்ரிக் ஆகெசன் வந்தார். சென்னை மேடையில நின்ன அஞ்சு பேர்ல கீபோர்டு பெர் விபெர்க் 2011ல இல்ல, டிரம்ஸ் மார்ட்டின் ஆக்ஸன்ரோட் 2021ல இல்ல.

இவ்வளவு நடந்தும் ஓபெத் ஓபெத்தாத்தான் இருந்துச்சு. ஏன்னா பாட்டு எழுதறது பெரும்பாலும் ஒரே ஆள். நம்ம பாஷையில சொன்னா, போர்டுல கூட்டாண்மை நிறுவனம்னு போட்டிருக்கும், உள்ள நடக்கிறது தனியாள் வணிகம். இதுல சுவாரசியம் என்னன்னா, ரசிகர்கள் நிஜமா கோபப்பட்டது ஆள் மாறினப்போ இல்ல. 2011ல 'ஹெரிடேஜ்' ஆல்பத்துல அதே ஆக்கர்ஃபெல்ட் அந்த அடித்தொண்டை உறுமலை விட்டுட்டு முழுக்கவே ராகமா பாட ஆரம்பிச்சாரே, அப்போதான் பாதிப் பேர் தாம்தூம்னு குதிச்சாங்க. முதலாளி அதேதான், சரக்கு மாறிடுச்சு. அந்த உறுமல் மறுபடி ஆல்பத்துல வர 2024 ஆச்சு.

சரி, ஸ்வீடன்லேருந்து ஊருக்கு வருவோம். நம்ம பாடப் புத்தகத்தை அப்படியே பாட்டாக்கினா அது டெல்லியில இருக்கிற 'இந்தியன் ஓஷன்'. இது மெட்டல் இல்ல. தபலா, கிதார், நாட்டுப்பாட்டு, கொஞ்சம் ஜாஸ், எல்லாம் கலந்த ராக். ஆனா மேல சொன்ன கேள்விக்கு இவங்க அளவுக்கு நேரா பதில் சொன்ன பேண்டு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கூட்டாளி சேர்ப்பு: கிதார் சுஸ்மித் சென்னும், தபலா வாசிச்சுக்கிட்டே பாடற அஷீம் சக்ரவர்த்தியும் 1990ல ஆரம்பிச்சாங்க. 1991ல பாஸ் கிதாருக்கு ராகுல் ராம் வந்தார். அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம் வாங்கிட்டு, திரும்பி வந்து நர்மதா அணை எதிர்ப்புப் போராட்டத்துல சுத்தின மனுஷன். 1994ல டிரம்ஸுக்கு அமித் கிலம். இந்த நாலு பேரும்தான் பதினஞ்சு வருஷம் 'இந்தியன் ஓஷன்'. 2000ல வந்த 'கண்டிசா' ஆல்பம் கேட்டவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. அதோட தலைப்புப் பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களோட பழைய அரமேய மொழித் துதிப் பாட்டு. அதே ஆல்பத்துல நர்மதைக் கரை மக்களோட பாட்டு ஒண்ணும் இருக்கு.

இறப்பு: 2009 கடைசியில அஷீமுக்கு மாரடைப்பு. அந்த டிசம்பர் 25 அன்னைக்கு இறந்துட்டார். அடுத்த வருஷம் '16/330 கஜூர் ரோடு'ன்னு ஒரு ஆல்பம், மாசம் ஒரு பாட்டா இணையத்துல இலவசமா விட்டாங்க. அந்தத் தலைப்பு அவங்க டெல்லி கரோல்பாக்ல வருஷக்கணக்கா ஒத்திகை பார்த்த வீட்டோட விலாசம். ஏற்கெனவே பதிவு பண்ணின பாட்டுகள், அதனால அஷீம் குரல் அதுல இருக்கு. ஆளு இல்ல, ஆனா மாசாமாசம் அவர் குரல் புதுப் பாட்டா வந்துட்டே இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க.

மேடையில அவர் இடத்துல யாரு? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஒருத்தர் போன இடத்துக்கு ரெண்டு பேர் வந்தாங்க. தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி, பாடறதுக்கு ஹிமான்ஷு ஜோஷி. அஷீம் என்ன பண்ணிட்டிருந்தார்னு இதைவிடத் தெளிவா எந்த ஐந்தொகையும் காட்டாது.

விலகல்: 2013ல சுஸ்மித் சென்னும் தன் வழியில போறேன்னு விலகினார். கிதாருக்கு நிகில் ராவ் வந்தார். இப்போ கணக்கு பாருங்க. ஆரம்பிச்ச ரெண்டு பேரும் இல்ல. ஒருத்தர் உலகத்துலயே இல்ல, ஒருத்தர் பேண்டுல இல்ல. ஓபெத்துல அச்சாணி மாதிரி ஒரே ஆள் நின்னார். இங்க அச்சாணியே கழண்டுடுச்சு. 2014ல 'தந்தானு'ன்னு ஆல்பம் போட்டாங்க, நம்ம செல்வகணேஷும் வயலின் குமரேஷும்கூட அதுல விருந்தாளியா வந்து வாசிச்சாங்க. 2023ல 'தூ ஹை'. வண்டி ஓடுது.

எப்படி ஓடுதுன்னு எனக்குத் தோணினதைச் சொல்றேன். அவங்க பாட்டுல பாதி முதல்லேயே அவங்களோடது இல்ல. ஆத்தங்கரையில யாரோ பாடினது, கோயில்ல யாரோ பாடினது. ஒரு தொண்டையிலேருந்து இன்னொரு தொண்டைக்கு வந்து பழகின பாட்டு, அடுத்த தொண்டைக்கும் போகும். ரெண்டாவது, அந்த ஒத்திகை வீடு. நாலு பேர் வருஷக்கணக்கா ஒண்ணா உட்கார்ந்து உருட்டின பழக்கத்துல ரெண்டு பேர் போனாலும், மீதி ரெண்டு பேர் கையில அது மிச்சம் இருக்கும். புதுசா வந்தவங்க அவங்ககிட்டேருந்து எடுத்துப்பாங்க.

எல்லா இடத்துலயும் இப்படி நடக்காது. பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் கச்சேரிக் குழுவை எடுத்துக்கோங்க. கம்யூனிஸ்ட் மேடைகள்ல அவர் பாட, தம்பிகள் வாசிச்ச குழு. தம்பிகள்ல ஒருத்தர்தான் நம்ம இளையராஜா. தம்பிகள் சென்னைக்கு வந்து சினிமாவுல காலூன்றப் போராடிட்டிருந்தப்போ 1973ல பாவலர் இறந்துட்டார். பழைய மேடைக் குழு அதே மாதிரி தொடரல. ஆனா பெயர் சாகல. இன்னொரு தம்பி ஆர்.டி. பாஸ்கர் 'பாவலர் கிரியேஷன்ஸ்'னு படக் கம்பெனி நடத்தினார். 1981ல வந்த 'அலைகள் ஓய்வதில்லை' அந்தப் பேனர்தான். தொழில் வேற, பெயர் மட்டும் அண்ணனோடது.

இப்போ வீட்டுக் கதை. சிந்தாதிரிப்பேட்டையில தடுக்கி விழுந்தா ஏதாவது ஒரு பிரஸ் வாசல்லதான் விழணும்கிற அளவுக்கு அச்சகம் இருக்கிற தெருக்கள் உண்டு. அதுல ஒண்ணு எங்க அப்பாவும் அவர் நண்பரும் சேர்ந்து ஆரம்பிச்சது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து அழைப்பிதழ். போர்டுல ரெண்டு பேரோட அம்மா பெயரும் சேர்ந்து இருக்கும். அப்பா முன்னாடி டேபிள், பார்ட்டிகிட்டே பேசறது, ப்ரூஃப் பார்க்கறது. அவர் பின்னாடி ஆப்செட் மெஷின். எனக்கு அவர் 'மெஷின் மாமா'. மஞ்சளும் சிவப்பும் எவ்வளவு விட்டா அந்தக் குங்குமக் கலர் வரும்னு அவருக்கு அளவே தேவையில்ல, கண்ணாலேயே கலப்பார். போன வருஷம் மாமா இறந்துட்டார்.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு அப்பா ஒரு நோட்டைக் கொண்டு வந்து என் முன்னாடி வெச்சார். "பி.காம். படிக்கிறியே, அத்தைக்கு நாம எவ்வளவு தரணும்னு சரியா போட்டுக் குடு"ன்னார். ராமு சோமு கணக்குல எனக்குக் கை நடுங்கினதே இல்ல. அன்னைக்கு நடுங்குச்சு.

சட்டம் தெளிவாத்தான் இருக்கு. 1932ஆம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 42ஆவது பிரிவுப்படி ஒரு கூட்டாளி இறந்தா நிறுவனம் கலைஞ்சுடும், தொடரணும்னு ஒப்பந்தம் இருந்தா தவிர. ஆனா மொத்தமே ரெண்டு கூட்டாளிதான்னா அந்த ஒப்பந்தமும் காப்பாத்தாது. தனியா ஒருத்தர் தன்னோடயே கூட்டு வெச்சுக்க முடியாதே! 1965ல செத் கோவிந்த்ராம் சுகர் மில்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கு. நாலு பேர் இருக்கிற குழு ஒருத்தர் இல்லாம தொடரலாம். ரெண்டு பேர் கடை மாமா போன அன்னைக்கே கலைஞ்சாச்சு. கலைச்சுக் கணக்கு முடிக்கும்போது வேற ஒப்பந்தம் இல்லேன்னா நற்பெயரையும் சொத்தா சேர்க்கணும்னு 55ஆவது பிரிவு சொல்லுது.

மெஷின், பேப்பர் ஸ்டாக், வர வேண்டிய பாக்கி எல்லாம் போட்டுட்டேன். நற்பெயர்ல வந்து நின்னேன். தெரிஞ்சவர் ஒருத்தர், "கலர் கலந்த கையே போயிடுச்சு, இனி அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு? அதை விட்டுடு"ன்னு யோசனை சொன்னார். கேட்க நியாயமாத்தான் இருந்துச்சு. செலவும் மிச்சம்.

ஆனா நான் கடையில உட்கார்ந்து பார்த்தேன். அண்ணன் கல்யாணத்துக்கு இங்க பத்திரிகை அடிச்சவங்க தங்கச்சி கல்யாணத்துக்கு வர்றாங்க. "அந்த மெஷின்காரர் இல்லையா?"ன்னு கேக்கறாங்க. இல்லைன்னதும் ஒரு நிமிஷம் பேசாம நிக்கறாங்க. அப்புறம் பழைய பத்திரிகையை எடுத்து நீட்டி, "இதே கலர்ல 500 வேணும்"னு ஆர்டர் கொடுத்துட்டுப் போறாங்க. அந்த 500 பத்திரிகைக்கான ஆர்டரை யாரு பிடிச்சுக் குடுத்தது? மாமாதான். ஆள் போன அடுத்த வருஷமும் அஷீம் குரல்ல பாட்டு வந்த மாதிரி, மாமாவோட வேலை இன்னும் பார்ட்டி கொண்டு வருது. அப்போ அதுல பாதி அத்தையோடதுதானே?

மூணு வருஷ சராசரி இலாபம் எடுத்து, 2 ஆண்டு கொள்முதல்னு போட்டு, நற்பெயர்ல பாதியை அத்தை கணக்குல எழுதினேன். தொகையை இங்க சொல்ல முடியாது, எங்களுக்கு அது பெரிய தொகை. அப்பா நோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரே தடவையா முடியாது, தவணையா குடுக்கறேன்"னார். அத்தைகிட்டே போய்ச் சொன்னப்போ அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "போர்டை மாத்திடாதீங்கண்ணே."

போர்டு மாறல. இப்போ மெஷின்ல ரெண்டு பசங்க இருக்காங்க, ஒருத்தன் கலருக்கு, ஒருத்தன் ஓட்டறதுக்கு. இந்தியன் ஓஷன் மாதிரியேதான், ஒருத்தர் இடத்துக்கு ரெண்டு பேர். குங்குமக் கலர் இன்னும் சரியா வரல, கொஞ்சம் செங்கல் மாதிரி அடிக்குது. வந்துடும்.

கேக்கணும்னு நினைக்கிறவங்க 'கண்டிசா'வுல ஆரம்பிச்சு, '16/330 கஜூர் ரோடு' கேட்டுட்டு, அப்புறம் 'தந்தானு'வுக்கு வாங்க. ஆள் மாறினது காதுக்குத் தெரியுதா, தெரிஞ்சா உறுத்துதான்னு சொல்லுங்க. எனக்குத் தெரியுது, ஆனா உறுத்தல. வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த தடவை கணக்குல ராமு செத்துப் போனா, விடையை எழுதறதுக்கு முன்னாடி அவர் வீட்டுல யார் இருக்காங்கன்னு ஒரு செகண்ட் நினைச்சுக்கோங்க. மார்க் குறையாது :-)